பாலத்துக்குச் சாயம், ரத்தத்தில் ஈயம்

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பர் 23-க்குப் பிறகு ரயில் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. 1914-ல் திறந்த பழைய பாலத்தைப் பிரித்தெடுப்பது என்று ரயில்வே முடிவு செய்தபோது, நம் பக்கத்துப் பத்திரிகைகளில் நிறைய நினைவுக் கட்டுரைகள் வந்தன. நடுவே திறந்து கப்பலுக்கு வழிவிட்ட ஷெர்சர் தூக்குப் பகுதி, 1964 புயல், அந்தப் பாலத்தில் முதன்முதலாகக் கடல் பார்த்த பள்ளிச் சுற்றுலா. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அந்த இரும்பைச் சுரண்டப்போவது யார்? கேஸ் கட்டர் பிடித்து வெட்டப்போவது யார்? அப்போது அவர் மூச்சோடு உள்ளே போகப்போவது என்ன?

இந்தக் கேள்வி பாம்பனோடு முடிவதில்லை. மதுரையில் வைகையின் குறுக்கே நிற்கும் ரயில்வே இரும்புப் பாலம், ஸ்டேஷன்தோறும் உள்ள பழைய நடைமேம்பாலங்கள், வைகை அணை, பேரணை, விரகனூர் மதகணை ஆகியவற்றின் இரும்பு ஷட்டர்கள் எல்லாமே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுரண்டப்பட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கப்படுபவை. புதுப் பெயிண்ட் அடிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதற்கு முன் பழையதைச் சுரண்டி எடுக்கும் வேலைதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

பழைய பெயிண்டில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இரும்புப் பாலங்களுக்கு அடிப்பூச்சாக உலகம் முழுக்கப் பயன்பட்டது ‘ரெட் லெட்’, அதாவது செவ்வீயம். துருவைத் தடுப்பதில் அதற்கு அன்று நிகர் கிடையாது. இந்திய ரயில்வேயின் பாலப் பராமரிப்பு முறையிலும் செவ்வீய அடிப்பூச்சும் அதன்மேல் ரெட் ஆக்சைடு பூச்சும் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தன. வேதியியல் படிக்கும் மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செவ்வீயத்தில் மூன்று ஈய அணு, நான்கு ஆக்சிஜன் அணு. எடையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் ஈயம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிரில் பட்டறையில் அடிக்கும் ரெட் ஆக்சைடு வேறு, ரெட் லெட் வேறு. முன்னது இரும்பின் ஆக்சைடு. இரண்டுக்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், சாரத்தில் நிற்பவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலே வெள்ளி நிற அலுமினியப் பெயிண்ட் இருந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அடியில் மஞ்சள் தெரிந்தால் அது துத்தநாகக் குரோமேட் பூச்சாக இருக்கலாம். அதில் உள்ள குரோமியம் நுரையீரல் புற்றுநோயோடு தொடர்புடையது. எனவே ஒரு கைப்பிடிச் சுரண்டலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்காமல் நூறாண்டுப் பழைய இரும்பில் யாரையும் ஏற்றக் கூடாது. இதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் சாரவாடகையைவிடப் பெரிதாக இருக்காது.

சமயநல்லூர் பக்கம் ஒரு குடியிருப்பில், பல ஆண்டுகள் மேஸ்திரியோடு பாலம் பாலமாகப் போய்வந்த ஒருவரைச் சந்தித்தோம். வயது ஐம்பதைத் தாண்டியவர்.

“முகத்துக்கு என்ன கட்டுவீங்கண்ணே?” என்று கேட்டோம்.

“துண்டுதான் தம்பி. கொரோனா நேரத்துல மேஸ்திரி ஒரு மாஸ்க் குடுத்தாரு. வேர்வையில நனைஞ்சு மூச்சு முட்டிருச்சு, கழட்டிப் போட்டுட்டோம். சாயந்தரம் ஆளுக்கொரு வாழப்பழம் குடுப்பாக, தூசி எறங்கிரும்னு.”

“உடம்புக்கு ஏதாச்சும் செஞ்சுச்சா?”

“வாயில எந்நேரமும் செம்புக்காசை வச்ச மாதிரி இருக்கும். வயிறு இழுத்துப் பிடிக்கும். நாலு நாளைக்குப் போகாது. அல்சருன்னு மாத்திர குடுத்தாக.”

அவருக்கு ஈய நச்சு இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ரத்தத்தைப் பரிசோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அவர் ரத்தத்தில் ஈய அளவை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் பார்த்ததில்லை என்பதுதான் நம் கவலை. அவர் சொன்ன அறிகுறிகள் எல்லாம் ஈய நச்சுப் பாடத்தில் முதல் பக்கத்தில் வருபவை. வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், வாயில் உலோகச் சுவை, தலைவலி, மூட்டுவலி, சோகை. முற்றினால் மணிக்கட்டு தொங்கிப்போகும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், ஆணுக்கு விந்தணு குறையும், பெண்ணுக்குக் கரு கலையும். கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை கிடைக்கும். வயிற்றுவலிக்கு அல்சர் மாத்திரை, சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை. “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி வராததால் எல்லாம் சேர்ந்து ஒரே நோய் என்பது தெரியாமலே போகிறது.

வாழைப்பழம் தூசியை இறக்காது. தொண்டையில் ஒட்டிய கரடான தூசியை வேண்டுமானால் தள்ளிவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி, அது நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கப்படும் ஈயத்தைப் பொறுத்தவரை இன்னொன்று உண்டு. வெறும் வயிற்றில் குடல் அதை அதிகமாக உறிஞ்சும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பு இன்னும் அதிகமாக உறிஞ்சும். காலையில் ஒரு டீயோடு சாரம் ஏறுகிற நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். உள்ளே போன ஈயம் ரத்தத்தில் ஓரிரு மாதங்களில் குறைந்தாலும், எலும்பில் தங்கிப் பல பத்தாண்டுகள் இருக்கும்.

எவ்வளவு தூசி பறக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. காற்றில் ஒரு கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம் ஈயம் வரை நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் அனுமதித்தது. அமெரிக்கா 1993-ல் கட்டுமானத் தொழிலுக்கென்று தனி விதி போட்டு 50 மைக்ரோகிராம் என்று வைத்தது. அங்கே அளந்து பார்க்கும் வரை என்ன அனுமானிக்க வேண்டும் என்பதையும் அந்த விதியே சொல்கிறது. ஈயப் பூச்சைக் கையால் உலர்வாகச் சுரண்டினால் 50-க்கு மேல் 500 வரை. தூசி உறிஞ்சி இல்லாத கிரைண்டர் ஓட்டினால் 500-க்கும் மேல். மணல் வீச்சு, கேஸ் வெட்டு என்றால் 2,500-க்கும் மேல் என்று வைத்துக்கொண்டுதான் பாதுகாப்பைத் தொடங்க வேண்டும். அதாவது கேஸ் கட்டர் பிடிப்பவரைச் சுற்றியுள்ள காற்றில், நம் நாட்டு வரம்பைவிடவே 16 மடங்குக்கு மேல் ஈயம் இருக்கலாம். முகத்தில் கட்டிய துண்டுக்கு அங்கே வேலையே இல்லை. பூச்சு எரிந்து கிளம்பும் புகைத் துகள் துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாகப் போய்வரும்.

பழைய பாம்பன் பாலத்தைப் பற்றி நாம் பதறுவது இதனால்தான். அந்தப் பூச்சில் ஈயம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பரிசோதனை சொல்லட்டும். இருந்தால், பிரித்தெடுப்பது என்பது பெயிண்ட் அடிப்பதைவிடப் பல மடங்கு மோசமான வேலை. சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டிய 1930-களிலேயே இது தெரிந்துவிட்டது. செவ்வீயம் பூசிய இரும்பில் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டுகளை அடித்தபோது கிளம்பிய புகையில் தொழிலாளர்கள் ஈய நச்சுக்கு ஆளானார்கள். அதே பாலத்தின் ஈயப் பூச்சை எடுத்துவிட்டு மாற்றுப் பூச்சு அடிக்கும் வேலை 1960-களின் நடுவில் தொடங்கி 1995 வரை நீண்டது.

தடுக்க வழியே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சுரண்டுமுன் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் தூசி பாதிக்கு மேல் கிளம்பாது. கிரைண்டருக்கு மேல்மூடி போட்டு, நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சியோடு இணைத்துவிடலாம். தடவி ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுக்கும் ரசாயனக் கூழ் இருக்கிறது. கேஸ் வெட்டு தவிர்க்க முடியாத இடத்தில், வெட்டும் கோட்டின் இருபுறமும் குறைந்தது 4 அங்குலம் பூச்சை எடுத்துவிட்டு வெட்டினால் புகையில் ஈயம் வெகுவாகக் குறையும். முடிந்தவரை நெருப்பே இல்லாமல் ஹைட்ராலிக் கத்தரியால் நறுக்கலாம். வேலை நடக்கும் பகுதியைத் தார்பாயால் மூடி, உதிர்வதைக் கீழே பிடிக்க வேண்டும். பாம்பன் காற்றில் இது சுலபமில்லைதான். ஆனால் கீழே இருப்பது மன்னார் வளைகுடா, அங்கே மீன்பிடிப்பவர்களின் சாப்பாடு. பவளப்பாறைக்காகப் பேச இன்று ஆள் இருக்கிறது. நல்லது. அந்தப் பேச்சில் சாரத்தில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முகமூடி இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். அதுவும் துணியில் அல்ல, முகத்தோடு ஒட்டி உட்காரும் ரப்பர் முகமூடி, நுண்துகள் வடிகட்டி மாட்டியது. வேலை இடத்திலேயே குளிக்கத் தண்ணீர், சோப்பு, மாற்று உடை, சாப்பிட தூசி படாத தனி இடம். கை கழுவாமல் பீடி பற்றவைப்பது, ஈயத்தை நேரே வாயில் வைப்பதற்குச் சமம். வேலைக்கு எடுக்கும்போது ஒரு ரத்தப் பரிசோதனை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. அளவு ஏறினால் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். சம்பளம் போகும் என்றால் யாரும் பரிசோதனைக்கு வர மாட்டார்கள், வரவும் முடியாது.

இங்கேதான் சாதி உள்ளே வருகிறது. நமக்குத் தெரிந்த ஊர்களில் பெயிண்ட் வேலைக்குள்ளேயே இரண்டு படி உண்டு. பிரஷ் பிடிப்பவர் ‘பெயிண்டர்’. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் பிடிப்பவர் ‘சுரண்டுற ஆளு’. கூலி குறைவு, தூசி அதிகம். கீழே உதிர்ந்ததைக் கூட்டிச் சட்டியில் அள்ளுவது பெண்கள், அவர்களுக்கு இன்னும் குறைவு. அந்தக் கீழ்ப்படிக்கு ஆள் வேண்டுமென்றால் மேஸ்திரி எந்தத் தெருவுக்கு வருகிறார் என்பது நமக்குத் தெரியும். நிலம் இல்லாத தெரு, நடவும் அறுப்பும் எந்திரத்துக்குப் போன பிறகு முன்பணத்துக்குக் கட்டுப்படும் தெரு. “அவங்களுக்குப் பழக்கம், ஒண்ணும் செய்யாது” என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் நம்மிடமே சொன்னார். சாக்கடைக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

சாக்கடைக் குழி சாவுக்கு எதிராக ஒரு சட்டமாவது 2013-ல் வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தச் சாவுகள் நிற்கவில்லை என்றாலும், அவை செய்தியாகின்றன. ஈயம் அப்படிக் கொல்வதில்லை. வேலை முடிந்து, சாரம் பிரித்து, மேஸ்திரி வேறு ஊர் போன பிறகு, வீட்டுத் திண்ணையில் மெதுவாகக் கொல்கிறது. அந்தச் சாவை யார் கணக்கில் எழுதுவது?

சட்டத்தில் ஈயம் இல்லாமல் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நச்சு இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஈயத்தால் வரும் நோய் தொழில்சார் நோய், வேலையில் அடிபட்டதற்கு நிகர். 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பாலத்தைப் பராமரிப்பதையும் இடிப்பதையும் கட்டுமான வேலை என்றே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இவற்றின் இடத்துக்கு வந்திருக்கின்றன. புதிய பட்டியலிலும் ஈய நச்சு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஆனால், ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு முன்பு 20 பேர் வைத்து வேலை வாங்கினாலே பொருந்தியது, இப்போது 50 பேர் என்று ஏற்றிவிட்டார்கள். பாலத்தில் சுரண்டும் கூட்டம் பெரும்பாலும் 15 பேர், 20 பேர். மேஸ்திரிக்குக் கீழே துணை மேஸ்திரி என்று பிரித்துவிட்டால் 50 என்ற எண்ணைத் தொடவே தேவையில்லை.

பெயிண்ட் பற்றிய விதியையும் பாருங்கள். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்து 2017 நவம்பர் முதல் நடைமுறையான விதிப்படி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம். குழந்தைகள் சுவரைச் சுரண்டி வாயில் வைப்பார்கள் என்ற நியாயமான பயத்தில் வந்த விதி அது. தொழிற்சாலைக்கும் பாலத்துக்கும் அடிக்கும் பெயிண்டை அந்த விதி தொடவில்லை. நாள் முழுக்கப் பாலத்தைச் சுரண்டிவிட்டு வருகிறவரின் சட்டையில், முடியில், செருப்பில் ஒட்டி வரும் தூசிக்கும் எந்த வரம்பும் இல்லை. அந்தச் சட்டையைத் துவைப்பது அவர் மனைவி. மடியில் ஏறுவது அவர் பேத்தி. நாம் பார்த்த வீட்டில் வேலைச் சட்டையும் பள்ளிச் சீருடையும் ஒரே கொடியில் தொங்கின. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விஷயம். படிப்பில் கவனம் நிற்காத நம் பிள்ளைகளைப் பார்த்து வேறு காரணம் சொல்லுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

தீர்வை எங்கே வைப்பது? ஒப்பந்தக்காரரின் மனசாட்சியில் வைத்தால் நடக்காது. பெயிண்ட் வேலைக்கு டெண்டர் விடுவது சதுர மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. ரத்தப் பரிசோதனை, குளியலறை, உறிஞ்சி மாட்டிய கிரைண்டர் எல்லாம் சேர்த்து விலை போடுகிற நல்ல ஒப்பந்தக்காரர் முதல் சுற்றிலேயே தோற்றுப்போவார். “பாதுகாப்பு விதிகளை ஒப்பந்தக்காரர் கடைப்பிடிக்க வேண்டும்” என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால், அதற்குப் பணம் ஒதுக்கியதாகாது. ஆகவே ஈயப் பாதுகாப்பைத் தனி இனமாக டெண்டரில் எழுதி, போட்டி இல்லாத நிர்ணயத் தொகையாக வைத்து, செய்த பிறகே பில் பாஸ் செய்ய வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1990-களின் தொடக்கத்தில் இதைத்தான் செய்தது. பால வேலைக்கான ஒப்பந்தத்திலேயே ஈயப் பாதுகாப்புத் திட்டத்தை நிபந்தனையாக எழுதி, ரத்த ஈய அளவைத் தொடர்ந்து கண்காணித்தது. மற்ற மாநிலங்களின் பாலத் தொழிலாளர்களைவிட அங்கிருந்தவர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அங்கே தொழிலாளர் குணம் மாறிவிடவில்லை, டெண்டர் மாறியது.

இன்னொன்று பதிவேடு. நம் பக்கத்திலேயே கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 2016-ல் தான் உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டம். அங்கே ஒரு தொழிற்சாலை இருந்தது, கேட் இருந்தது, யார் யார் வேலை பார்த்தார்கள் என்று சொல்ல வழி இருந்தது. பாலத்தில் இரண்டு மாதம் தொங்கியவரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும் சிட்டையில். அதைக் கொண்டு போய் எந்தக் கோர்ட்டில் நிற்பது? எனவே இந்த வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிவுசெய்து, எந்தத் தேதியில் எந்தப் பாலத்தில் யாரிடம் வேலை பார்த்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அது எழுதட்டும். செல்போனில் வேலை இடத்தில் எடுத்த ஒரு படமும் சாட்சிதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை ஆனாலும் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஆனாலும், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: “பழைய இரும்புப் பாலத்துல பெயிண்ட் சுரண்டுற வேல பாக்குறேன்.” ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது, தனியாக எழுதித் தர வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு போடாதீர்கள். வாசலுக்கு வெளியே கழற்றி, குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். உதறாதீர்கள், உதறினால் தூசி முழுக்க வீட்டில்தான் இறங்கும்.

கல்லூரி மாணவர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்துக்கும் நீர்வளத் துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த இரும்புப் பாலங்களிலும் ஷட்டர்களிலும் பழைய பூச்சு சுரண்டப்பட்டது? சுரண்டுமுன் பூச்சில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்த அறிக்கை எங்கே? எத்தனை தொழிலாளர்களுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கப்பட்டது? சுரண்டிய கழிவு எங்கே கொட்டப்பட்டது? பழைய பாம்பன் பாலத்தைப் பிரிக்கும் ஒப்பந்தத்தில் ஈயப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஒரு மனுவுக்கு 10 ரூபாய். பதில் வந்தால் இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும் எழுதுங்கள், அதையும் அச்சிடுகிறோம்.